"வொய்ஃப் பார்த்துக்குவாங்க": சனிக்கிழமை அப்பாக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சனிக்கிழமை அப்பாக்களே,

போன வாரம் காப்பிக்கடையில் பாதியில் விட்ட பேச்சை, பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வியை யார் சொல்லிக்கொடுப்பது என்ற பேச்சைத்தான், இங்கே தொடர்கிறேன். பயிற்சி முடிந்து பிள்ளைகள் பேட்டும் பையுமாக வந்ததும் நாம் எல்லோரும் சட்டென்று ஆஸ்திரேலியா மேட்சுக்குத் தாவிவிட்டோம். தாவிய வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நமக்கு இந்தப் பேச்சு எவ்வளவு சங்கடம் என்று. நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் நடுவில் யாராவது பிள்ளையார் படத்தோடு குட்மார்னிங் போட்டு மூடிவிடுவீர்கள். அதனால் மொத்தமாக எழுதி, வேறு பள்ளி அப்பாக்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே வைக்கிறேன். யார் பெயரையும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 5 (ஐந்தாம் வகுப்பு) பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி ஆரம்பமாகிறது என்று, பள்ளிகள் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் அறிவிப்பு வந்தது. விருப்பமில்லாத பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம். நம்மில் இரண்டு பேர் கேட்கப்போவதாகச் சொன்னார்கள். "இது ஸ்கூல் வேலை இல்ல பாஸ், வீட்டுல நாமளே சொல்லிக்கலாம்" என்றார் ஒருவர். வீட்டில் யார் என்று கேட்டேன். "வொய்ஃப் பார்த்துக்குவாங்க." சரி, பெண் பிள்ளைக்கு அவர்கள் சொல்வார்கள், பையனுக்கு? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "அவனே தெரிஞ்சுக்குவான், நாம தெரிஞ்சுக்கலையா?"

அண்ணே, நாம் எப்படித் தெரிந்துகொண்டோம்? உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், இளமையில் செய்த தவறுகள் என்று வரிசையாகப் போட்டு, மாதத்தில் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் வைத்தியரைப் பார்க்கலாம் என்று கீழே இருக்கும். எனக்கு அப்போது பதினான்கோ பதினைந்தோ. தூக்கத்தில் எல்லாப் பையன்களுக்கும் நடப்பது எனக்கும் நடந்தது. எனக்கு மட்டும்தான் நடக்கிறது என்று நினைத்தேன். ஒரு சொட்டுக்கு நாற்பது சொட்டு ரத்தம் போகும் என்று பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவன் சொல்லியிருந்தான், அதை நம்பிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தவன் நான். அந்தக் கணக்குப்படி நான் எப்போதோ செத்திருக்க வேண்டும். பொங்கலுக்குச் சேர்ந்த காசை எடுத்துக்கொண்டு ஒரு நாள் லாட்ஜ் மாடி வரைக்கும் போனேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என் அப்பா வயது. கம்பவுண்டர் பெயர் கேட்டபோது என் வகுப்புப் பையன் ஒருவன் பெயரைச் சொன்னேன், அடுத்த நிமிடம் படியிறங்கி ஓடிவந்துவிட்டேன். அதற்கப்புறமும் ரெண்டு வருடம் எனக்கு ஏதோ சீக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பா கெட்டவரில்லை. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தார், பேங்கில் செலான் நிரப்பக் கற்றுக்கொடுத்தார், மின்வெட்டு நேரத்தில் ஃபியூஸ் போடக் கற்றுக்கொடுத்தார். "இது எல்லா ஆம்பளப் பசங்களுக்கும் வர்றதுதான்டா, சீக்கு இல்ல" என்று சொல்ல அவருக்குப் பத்து நொடி ஆகியிருக்காது. அந்தப் பத்து நொடி அவருக்கு வாய்க்கவே இல்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிரிக்க வேண்டாம். "எங்க காலத்துலேயே ஸ்கூல்ல வீடியோ போட்டாங்க, எல்லாரும் சிரிச்சோம், முடிஞ்சுது" என்று நீங்களும்தான் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து யாரிடமாவது அதைப் பற்றிப் பேசினீர்களா என்று கேட்டேன், தே தாரேக் டீயைக் கலக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

இப்போது என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், மகள் தொடக்கநிலை 6-ல் இருந்தபோது, மனைவிக்கு இரவு ஷிஃப்ட். ஒன்பதரை மணி இருக்கும். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். நாளைக்குக் காலையில்தானே என்றேன். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி. மூன்றாவது தடவை குரல் உடைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. புளோக்குக்குக் கீழே ஃபேர்பிரைஸ் கடைக்கு ஓடினேன். அந்த நாப்கின் அலமாரிக்கு முன்னால் நின்றிருக்கிறீர்களா? பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, இறக்கை வைத்தது, வைக்காதது, 24 சென்டிமீட்டர், 35 சென்டிமீட்டர். வேலையிடத்தில் எத்தனையோ அளவுகளோடு மல்லுக்கட்டுகிறவன்தான் நான், இதில் எது எதற்கு என்று ஒன்றும் விளங்கவில்லை. வகைக்கு ஒன்றாகக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த சீன ஆன்ட்டி கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "டாட்டர் ஆ? ஃபர்ஸ்ட் டைம்?" என்று கேட்டுவிட்டு பாதியை எடுத்துத் தனியே வைத்துவிட்டு ரெண்டு பாக்கெட்டை மட்டும் ஸ்கேன் செய்தார். வீட்டுக்கு வந்து பையைக் குளியலறைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் "பயப்படாதே" என்றாவது சொல்லியிருக்கலாம்.

அப்போது எட்டு வயதாயிருந்த பையன் வந்து "அக்காவுக்கு என்னப்பா?" என்று கேட்டான். தலைவலி என்றேன். ரெண்டு மூன்று மாதம் கழித்து, சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது கேட்கிறான், "அக்காவுக்கு மாசாமாசம் தலைவலி வருதே, டாக்டர்கிட்ட ஏன் கூட்டிட்டுப் போகல?"

ஊரிலிருந்து என் அக்கா போன் செய்து, சடங்கு எப்போது, தாய்மாமன் சீருக்கு என்ன ஏற்பாடு, சமூக மன்றத்தில் மண்டபம் சொல்லியாச்சா என்று ஆரம்பித்துவிட்டார். மகள் முடியவே முடியாது என்றாள். "எதுக்கு எல்லாருக்கும் சொல்லணும்?" நியாயமான கேள்விதான். பத்திரிகை அடித்து, படம் எடுத்து, முந்நூறு பேருக்கு பிரியாணி போட்டு ஊருக்கெல்லாம் அறிவிக்கத் தெரிந்த நமக்கு, அந்தப் பெண்ணிடமே அது என்னவென்று விளக்கத் தெரியவில்லை. பெண் பிள்ளைக்காவது இப்படி ஒரு கூத்து இருக்கிறது, உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க ஒரு பாட்டி இருக்கிறார், கதவைச் சாத்திக்கொண்டு காதோடு பேச ஒரு சித்தி இருக்கிறார். ஆண் பிள்ளைக்குக் குரல் உடையும்போது நாம் செய்வதெல்லாம் கேலிதான். "என்னடா தவளை மாதிரி கத்துற?"

சரி, பள்ளிக்கு வருவோம். அங்கே என்னென்னவோ சொல்லிக்கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிடுவார்கள் என்பது உங்கள் பயம். அது இந்த ஊருக்குப் புதிதல்ல. 2009-ல் அவேர் என்ற பெண்கள் அமைப்பு சில பள்ளிகளில் நடத்திய பாலியல் கல்வி பெரிய சண்டையாகிவிட்டது. அமைப்பின் நிர்வாகத்தையே புதிதாக வந்த ஒரு அணி பிடித்தது, மே 2-ஆம் தேதி சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் கூட்டம் நடந்தது, 1,414 வாக்குக்கு 761 என்று அந்த அணி தோற்று வெளியேறியது. இருந்தும் சில நாட்களிலேயே கல்வி அமைச்சு அந்த அமைப்பின் பாடத்தைப் பள்ளிகளில் நிறுத்திவைத்தது. நான் சிங்கப்பூர் வந்த புதிது அப்போது, எம்ஆர்டி ரயிலில் எல்லோர் கையிலும் இருந்த பேப்பரில் இதே செய்தி, இதற்கா இவ்வளவு அமர்க்களம் என்று நினைத்தேன். இன்றைக்குப் பள்ளியில் இதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எடுக்கிறார்கள். அமைச்சின் நிலைப்பாடு என்ன தெரியுமா? திருமணத்துக்கு முன்னால் உடலுறவு வேண்டாம் என்பதுதான் சிறந்த வழி. உயர்நிலைப்பள்ளிக்குப் போனபின் கருத்தடை, பால்வினை நோய்கள் பற்றியும் சொல்கிறார்கள், ஆனால் அடிப்படை அதுதான். உங்கள் அத்தை சொல்வதைத்தான் அமைச்சும் சொல்கிறது, கொஞ்சம் படம் போட்டு. இதைப் படிக்காமலே விலக்குக் கேட்பது, மெனு பார்க்காமல் கடையைக் குறை சொல்வது மாதிரி.

சொல்லிக்கொடுத்தால் செய்து பார்க்கத் தோன்றும் என்றும் ஒருவர் சொன்னார். யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமாக உடலுறவுக்குப் போவதில்லை என்றுதான் சொல்கிறது. இதற்கு மேல் இதில் வாதாட எனக்குத் தெம்பில்லை.

பள்ளிப் பாடத்தில் எனக்கும் குறை உண்டு, அது உங்கள் குறை அல்ல. தொடக்கநிலை 5 என்றால் பதினொன்று ஆகும் வருடம். ஒன்பது, பத்து வயதிலேயே பூப்படையும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தாமதம். அப்புறம், வகுப்பு முழுக்க உட்கார்ந்து சிரிக்கும்போது உண்மையான சந்தேகம் உள்ளவன் கையைத் தூக்குவானா? தூக்கமாட்டான். வீட்டுக்கு வந்தும் கேட்கமாட்டான், ஏனென்றால் அவன் கேட்டதெல்லாம் ஆங்கிலத்தில், நம்மிடம் அதற்குத் தமிழ் இல்லை.

இந்தத் தமிழ் விஷயத்தை நான் நிறைய யோசித்தேன். அந்த உறுப்புகளுக்கு நம் வீடுகளில் ரெண்டே வகைப் பெயர்தான் புழங்குகிறது: கைக்குழந்தையிடம் கொஞ்சும்போது சொல்வது, சண்டையில் திட்டும்போது சொல்வது. நடுவில் ஒன்றுமில்லை. பட்டிமன்றத்தில் காமத்துப்பால் 250 குறள் என்று யாராவது சொன்னால் கைதட்டுகிறோம், மாதவிடாய் என்ற சொல்லைச் சொந்த மகளிடம் நான் முதன்முதலில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தீட்டு, வீட்டுக்குத் தூரம், அந்த மூணு நாள் என்றெல்லாம் சுற்றி வளைத்தே பழகிய வாய். ஆண்குறி, விரை, யோனி, கருப்பை, விந்து. மருத்துவமனையில் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தேன், முதலில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால். சிரிக்காதீர்கள். வரவில்லை என்றால் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள், பெனிஸ் என்றால் பெனிஸ், இதில் தமிழ்ப்பற்றைக் காட்ட வேண்டாம். பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்தால் எங்கே தொட்டார்கள் என்று சொல்ல அவன் வாயில் ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சொல்லும்போது இன்னொன்று. உன் உடம்பு உன்னுடையது, பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல் என்று பள்ளி சொல்லி அனுப்புகிறது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவரிடம் போகமாட்டேன் என்று தூணுக்குப் பின்னால் ஒளியும் பிள்ளையை இழுத்து வந்து, "மாமாவுக்கு ஒரு முத்தா குடு, இல்லன்னா மாமா கோவிச்சுக்குவாரு" என்று நாம்தானே தள்ளுகிறோம்? பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலானோர் அவர்களுக்கு முன்பே தெரிந்தவர்கள் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்கிற மாமா கோபித்துக்கொள்ளட்டும்.

பெண் பிள்ளை வைத்திருக்கும் அப்பாக்கள் இதுவரை தலையாட்டியிருப்பீர்கள். ஆண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வேண்டும். 2019-ல் நாசி லெமாக் பெயரில் ஒரு டெலிகிராம் குழு பிடிபட்டதே, ஞாபகம் இருக்கிறதா? பெண்களின் ஆபாசப் படங்களைப் பகிர்ந்த அந்தக் குழுவில் நாற்பதாயிரத்துக்கும் மேல் ஆட்கள். அவர்கள் எல்லோரும் எங்கிருந்து வந்தார்கள், எல்லோருக்கும் ஒரு வீடும் ஒரு அப்பாவும் இருந்திருக்குமே? 2024 நவம்பரில் இங்கே ஒரு பள்ளியில் மாணவர்களே கூடப் படிக்கும் பெண்களின் படங்களை வைத்து ஏஐ மூலம் போலி நிர்வாணப் படங்கள் உண்டாக்கிப் பகிர்ந்தார்கள். பையனுக்கு அது விளையாட்டு. சட்டத்துக்கு அது விளையாட்டில்லை. 2020 ஜனவரி 1 முதல், ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் பரப்புவது மட்டுமல்ல, பரப்பிவிடுவேன் என்று மிரட்டுவதே தனிக் குற்றம். ஒளிந்து படமெடுத்தால் 2 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர் சரி என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சரி செல்லாது. இதெல்லாம் என் பையனுக்கு யார் சொல்வது? பள்ளி சொல்லும், ஒரு வகுப்பில். கூடப் படிக்கிற பெண் "வேண்டாம்" என்று ஒரு தடவை சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும் என்பதை, வீட்டில் அவன் அம்மா வேண்டாம் என்று சொல்லும்போது நான் எப்படி நடக்கிறேன் என்பதிலிருந்துதான் அவன் எடுத்துக்கொள்வான்.

தடுப்பூசியும் நினைவுக்கு வருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியை 2019-லிருந்து உயர்நிலை 1 மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். அந்தப் படிவம் வந்தபோது, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, என் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு நண்பர் கொதித்தார். அந்தக் கிருமியைச் சந்திப்பதற்கு முன்னால் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன், அதனால்தான் அந்த வயது. இதை அவருக்கு அவர் மனைவிதான் சொல்லிப் புரியவைத்தார். பார்த்தீர்களா, மறுபடியும் வொய்ஃப்.

நான் எப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். சொதப்பினேன். ஒரு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு, பொங்கோல் நீர்வழிப் பூங்காவில் பையனோடு நடக்கப் போனேன். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசினால் அவனும் நெளிவான், நானும் நெளிவேன், பக்கத்தில் நடந்தால் கொஞ்சம் வரும் என்று ஒரு கணக்கு. பாலம் தாண்டும் வரைக்கும் வானிலை பற்றித்தான் பேசினேன். அப்புறம் ஒரே மூச்சில் குரல் உடைவது, முடி வளர்வது, தூக்கத்தில் நடப்பது, அக்காவின் தலைவலி உண்மையில் என்ன என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் கேட்டுக்கொண்டே வந்தான். "அப்பா, முடிஞ்சுதா? ஐஸ்கிரீம் அங்கிள் போயிடுவாரு." ரொட்டியில் மடித்த துரியான் ஐஸ்கிரீமைத் தின்று முடித்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டே, "அப்போ ஏன் தலைவலின்னு சொன்னீங்க?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றேன். "ஓகே" என்றான். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் ரெண்டு தடவை அவனாகவே வந்து கேட்டிருக்கிறான், என்ன கேட்டான் என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவன் விஷயம்.

ஆகையால் விலக்குக் கேட்கப்போகும் அந்த ரெண்டு பேருக்கு: வகுப்பிலிருந்து உங்கள் பிள்ளையை எடுத்துவிடலாம், கேன்டீனிலிருந்து எடுக்க முடியாது. வகுப்பில் இருந்த பிள்ளைகள் இடைவேளையில் அவனுக்குச் சொல்வார்கள், அதுவும் பாதியைக் கூட்டிப் பாதியைக் குறைத்து, என் பத்தாம் வகுப்பு அண்ணன் எனக்குச் சொன்ன மாதிரி. அப்படியும் எடுத்தே தீருவேன் என்றால் உங்கள் உரிமை, ஆனால் அதே வாரத்தில் நீங்கள், உங்கள் மனைவி அல்ல நீங்கள், அவனோடு நடக்கப் போயாக வேண்டும். மற்றவர்களுக்கு: வகுப்பு முடிந்த அன்றைக்கு இரவு "இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். பரவாயில்லை, கேட்டது அவன் காதில் விழுந்திருக்கும்.

நம் பிள்ளைகளின் பள்ளியில் விலக்குக் கேட்க வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் சனிக்கிழமை எட்டரைக்கு அதே மேசையில் இருப்பேன், தே தாரேக் என் செலவு. மேட்ச் பற்றியும் பேசலாம், முதல் பத்து நிமிடம் கழித்து.

இப்படிக்கு,
மூன்றாம் மேசை தே ஓ கொசோங்